ஒன்பதாம் பாடத்துப் பூட்டு

திருத்தணி
22 ஜூன் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு பெபி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பூசையில் அவ்வளவு நேரம் முழந்தாளில் நிற்க வைக்கிறார்களே, தைலம் தேய்த்துக்கொள்ளவாவது உங்கள் நவதுறவகத்தில் விடுகிறார்களா?

கன்னியர் பயிற்சிக்குப் போன உனக்கும் போன் கிடையாது, விடுதியில் இருக்கிற எனக்கும் போன் கிடையாது. பெற்ற இரண்டும் ஆளுக்கொரு மதிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம். அம்மா மட்டும் ஆர்.கே.பேட்டையில் புதுப் போனை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று முழிக்கிறாள். நைனாவுக்குத் தறிப் பஞ்சு இருமல் அப்படியேதான் இருக்கிறது. இன்று பார்வை நாள். அவர் வந்திருக்கிறார், அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிளஸ் டூ தொடங்கிவிட்டது. இந்த வருஷம் எங்கள் பள்ளியில் பாடப் புத்தகம் கிடையாது, ஆளுக்கொரு டேப்லெட். உள்ளே ஒரு செயற்கை நுண்ணறிவு. யார் எந்தப் பாடத்தை எப்போது எவ்வளவு நேரம் படிக்கவேண்டும் என்று எல்லாம் அது முடிவு செய்யும். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'அக்கா'! பெண்கள் பள்ளி அல்லவா, அதனால். குரல் சர்க்கரைப் பாகு. "வாங்க பேபி, இன்னைக்கு என்ன படிக்கலாம்?" என்று கேட்கும். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அதுவே சொல்லிவிடும். என் பெயர் பேபி இல்லை, பெபி என்று பல தடவை திருத்திப் பார்த்துவிட்டேன். ஹாலே சிரிக்கிறது.

அதை 'நீங்க' என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டுமாம். சொந்த அக்காவை நீ என்றும் கண்ணாடிப் பலகையை நீங்க என்றும் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் காத்திருப்பது கணக்கில் ஒன்பதாம் பாடத்துக்கு, தொகையிடலுக்கு. போன வருஷம் டில்லிபாபு சார் தொகையிடலைத் தொடங்கி வைத்த அன்று, சாப்பாட்டு மணி அடித்ததே என் காதில் விழவில்லை. காலேஜில் கணக்குதான் எடுப்பேன், சொல்லிவிட்டேன்.

உன் ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.
பெபி


கொடைரோடு
9 ஜூலை 2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கை பெபிக்கு, பிரேமா. கடவுள் கிருபையால் சுகமாக இருக்கிறேன். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உனக்கு வெயில் கட்டி வராமல் இருக்கிறதா?

ஆக, என் இடத்துக்கு ஆள் வந்தாச்சு. பாகு மாதிரிக் குரலாமே, எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. நான் கூப்பிட்டால் நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய், அது கூப்பிட்டால் ஓடுகிறாயா? உனக்கு நல்லா வேணும்.

இங்கே எங்களுக்கு மணிதான் அக்கா. எழு என்றால் எழ வேண்டும், பேசாதே என்றால் பேசக்கூடாது. எனக்குக் கீரைப் பாத்தி கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் களை என்று நினைத்துக் கீரையைப் பறித்துவிட்டேன், மதர் அன்று எல்லோருக்கும் வெறும் ரசம் வைக்கச் சொல்லிவிட்டார்.

அது சொல்வதைக் கேட்டுப் படி. பங்குச் சாமியார் சிபாரிசில் கிடைத்த இடம். நம்மால் பீஸ் கட்டிப் படிக்க முடிகிற பள்ளியா அது?

நைனாவைப் பாலில் மிளகு போட்டுக் குடிக்கச் சொல்.
அக்கா (அசல்)
பிரேமா


திருத்தணி
17 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க.

அசல் அக்காவுக்கு, சுகம். நீ சுகமா, உன் கீரை சுகமா? கிருத்திகைக் கூட்டம் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. மூன்று நாளாக அரோகராச் சத்தத்தில் டேப்லெட்டுக்கே காது கேட்கவில்லை. "பேபி, சத்தம் இல்லாத இடத்துக்குப் போங்க" என்கிறது. நான் எங்கே போக, அரக்கோணத்துக்கா?

சிரிப்பதற்காக எழுதவில்லை. ஒன்பதாம் பாடத்தின் மேல் ஒரு பூட்டுப் படம் வந்திருக்கிறது. தொட்டால், "இந்தப் பாடம் உங்களுக்கு வேண்டாம் பேபி. நீங்க ஒரு கணக்குக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கறீங்க. மத்த பாடத்திலேயே நல்ல மார்க் வாங்கிடலாம். அக்கா பார்த்துக்கறேன்" என்கிறது.

புரியாமல் நேரம் எடுக்கவில்லை அக்கா. என் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு வழியில் போட்டு விடை வந்ததும் இன்னொரு வழியில் போட்டுப் பார்ப்பேன், இரண்டும் ஒன்றானால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அதைத் தடுமாற்றம் என்று அது எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கணக்கு வராது என்று என்னிடம் கேட்காமலே முடிவு செய்துவிட்டது.

டில்லிபாபு சாரிடம் போனேன். அவர் இப்போதெல்லாம் போர்டு பக்கம் போவதே இல்லை. கவனம் தப்பினால் திரை சிவக்கும், யார் திரை சிவப்பாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடக்கிறார். "நான் இன்னாம்மா பண்றது? அடுத்து எந்த பெஞ்சாண்ட போணும்னு எனக்கே அதான் சொல்லிகினு இருக்குது" என்றார். பாவமாக இருந்தது. திட்டலாம் என்று போனவள் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு உதவி செய். வீட்டுப் பரணில் உன் பிளஸ் டூ கணக்குப் புத்தகம் இருக்கிறது. விடையை எட்டிப் பார்க்கிற புத்தி போகமாட்டேன் என்கிறது என்று, பின்னால் இருக்கிற விடைப் பக்கங்களை நைனாவிடம் சொல்லித் தறி நூலால் தைத்து வாங்கினாயே, அதுதான். அதை எடுத்து வரச் சொல்லி நைனாவுக்கு நீ எழுது. விடுதியில் அச்சுப் புத்தகம் வைத்திருக்கக் கூடாது என்பது வார்டன் கௌரியம்மாள் சட்டம், நான் சொன்னால் அம்மா பயப்படுவாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
பெபி


கொடைரோடு
7 செப்டம்பர் 2025

மரியே வாழ்க.

அன்பு பெபிக்கு, இங்கே மழை, எனக்குக் கொஞ்சம் சளி. நீ சுகம்தானே?

புத்தகத்தைப் பற்றி நைனாவுக்கு நான் எழுதவில்லை. கோபம் வரும், தெரியும். வார்டன் கௌரியம்மாள் கண்ணில் பட்டால் நேராகச் சாமியாருக்குப் போகும். அவர் முகத்தில் அம்மா எப்படி முழிப்பாள்? நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், வேண்டாம் என்றால் அதுதான் வேண்டும்.

மதர் சொன்ன பாத்தியில் களை எடுக்கிறேன். ஏன் இந்தப் பாத்தி என்று கேட்பதில்லை. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது பெபி. கொஞ்ச நாள் கீழ்ப்படிந்துதான் பாரேன். காலாண்டுப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மாதா உன்னைக் காக்கட்டும்.
பிரேமா


திருத்தணி
12 அக்டோபர் 2025

மரியே வாழ்க.

அக்காவுக்கு, சுகம். சளி போயிற்றா?

காலாண்டில் நல்ல மார்க். அது சொன்ன பாடங்களை மட்டும் படித்தேன், அது சொன்ன மார்க் அப்படியே வந்தது. பிரேயரில் என் பெயரை வாசித்தார்கள். அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

என் பக்கத்தில் உட்காருகிற சுதா கே.ஜி.கண்டிகைப் பெண். அவளுக்கு ஒன்பதாம் பாடம் திறந்திருக்கிறது. அவளுக்கு அது வேண்டாம், எனக்கு வேண்டும், அதனால் அவள் திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு கணக்கு பார்த்திருப்பேன். கேமராவில் இரண்டு முகம் தெரிந்ததும் திரை அணைந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சிவப்பு. சுதா இப்போது கடைசி வரிசையில் இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. பேசினால் அதுவும் படிப்பு நேரத்தில் கழியும் என்று பயம் அவளுக்கு.

போன பார்வை நாளில் நைனா என் கையைப் பார்த்தார். "இன்னாத்தம்மா படிச்சிகினு கீற? கைல ஒரு மசிக்கறை கூட இல்லியே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசு என்று சொன்னேன்.

பேபி என்றால் இப்போது திரும்பிப் பார்க்கிறேன். திருத்துவதில்லை. புத்தகத்தைப் பற்றியும் இனிக் கேட்கவில்லை.

பெபி


திருத்தணி
23 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? நீங்கள் நல்ல உடல்நலத்துடன் இருக்க வாழ்த்துகிறேன். நானும் நலமாக இருக்கிறேன்.

எனது கற்றல் மிகச் சிறப்பாகச் சென்றுகொண்டிருக்கிறது. முதலாவதாக, எனது நேர மேலாண்மை மேம்பட்டுள்ளது. இரண்டாவதாக, எனக்குத் தேவையற்ற பகுதிகளில் கவனத்தைச் சிதறவிடாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அரையாண்டுத் தேர்விலும் எனது இலக்கை அடைவேன் என்ற நம்பிக்கை உள்ளது.

தந்தையின் இருமல் குறித்து அறிந்து வருந்துகிறேன். வெதுவெதுப்பான நீர் அதிகம் பருகுவது அவருக்குப் பயனளிக்கும். தாயின் உடல்நலத்திலும் கவனம் செலுத்துவது அவசியம்.

உங்கள் பணி சிறக்க வாழ்த்துகள். வேறு ஏதேனும் அறிய விரும்பினால் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
பெபி


கொடைரோடு
28 டிசம்பர் 2025

மரியே வாழ்க.

அடியே பெபி, உயிரோடு இருக்கிறாயா?

திருவருகைக் காலத்தில் எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள். கிறிஸ்மஸ் அன்று மொத்தமாகக் கொடுத்தார்கள். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தைப் பிரித்தேன். கேக் அப்படியே இருந்தது, என்னோடு பயிற்சியில் இருக்கிற ஜான்சி சாப்பிட்டுவிட்டாள்.

யாரடி அந்தத் தந்தை? பூசையில் பிதா இருக்கிறார், வீட்டில் நைனா இருக்கிறார். தந்தை என்று நமக்கு ஒருத்தரும் இல்லை. என்னை நீங்கள் என்கிறாய், அவர்கள் என்கிறாய். பிறந்ததிலிருந்து நீ எனக்குக் கொடுத்த மரியாதை என்ன என்று எனக்குத் தெரியாதா? கையெழுத்து உன்னுடையது, வார்த்தை ஒன்றுகூட உன்னுடையது இல்லை. அந்தக் கண்ணாடிப் பலகையை எழுதச் சொல்லிப் பார்த்து எழுதினாயா? கூடப் பிறந்தவளுக்கு நாலு வரி எழுத உனக்கு அவ்வளவு சோம்பலா? மனசு விட்டுப் போயிற்று.

கோபம் தணிந்து இதை எழுதுகிறேன். அடுத்த வருஷம் துறவற வாழ்வுக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன், மதர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "யாராவது சொல்லி வந்தாயா, நீயாக வந்தாயா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார். எனக்குப் பதில் இருந்தது. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. நான் கேட்டு வாங்கிய கீழ்ப்படிதலை, கேட்காத உன் தலையில் கட்டப் பார்த்தேனே. உன்னை யார் கூப்பிட்டுக் கேட்டார்கள்?

நைனாவுக்கு எழுதிவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது புத்தகம் வரும்.

உடனே எழுது. திட்டியாவது எழுது.
அக்கா


திருத்தணி
18 ஜனவரி 2026

மரியே வாழ்க.

அக்காவுக்கு, சுகமா? நான் சுகமாக இருக்கிறேனா என்று தெரியவில்லை.

அந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் டேப்லெட்டை எல்லாம் சார்ஜ் ரூமில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கொடியில் துணி காயப் போட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து நானேதான் எழுதினேன். நல்லாத்தான் எழுதியிருக்கிறோம் என்று இருந்தது. நீ எழுதின பிறகுதான் எனக்கே தெரிகிறது. நீ பொய் சொல்கிறாய் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். அப்புறம் பயமாக இருந்தது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

இதையும் மூன்று தடவை கிழித்து எழுதுகிறேன். நீ என்று வருகிறதா என்று ஒவ்வொரு வரியும் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

அதிரசத் தூக்குக்கு அடியில் வைத்து நைனா புத்தகத்தைக் கொண்டுவந்தார். "யார்னா கேட்டா நான் குட்துட்டு போனதுன்னு சொல்லு, பயப்படாத" என்றார். பொங்கலன்று மதியமே மாடிப்படியில் அதைத் திறந்தேன். ஒன்பதாம் பாடம். பூட்டு இல்லை. எவ்வளவு ஆசைப்பட்டேன். சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று வெகுநேரம் தெரியவில்லை. "வாங்க பேபி" என்று யாராவது தொடங்கி வைப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன் அக்கா. சாப்பாட்டு மணி அடித்தது. இந்தத் தடவை காதில் விழுந்தது.

இன்று எப்படியோ ஒரு கணக்கு போட்டேன். எக்ஸ் சைன் எக்ஸ், அதைத் தொகையிட வேண்டும். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சரியா என்று மட்டும் சொல்லிவிடு. பச்சை டிக் வராமல் அடுத்த கணக்கில் கை போகமாட்டேன் என்கிறது. விடைப் பக்கத்தைப் பிரிக்கலாம். ஆனால் நைனா அவ்வளவு இறுக்கித் தைத்திருக்கிறார், அறுக்க மனசு வரவில்லை. சரி என்று ஒரே வார்த்தை. நீ சொன்னால் போதும், நீ எதைச் சொன்னாலும் அதைச் செய்கிறேன்.

பெபி


கொடைரோடு
5 பிப்ரவரி 2026

மரியே வாழ்க.

என் தங்கச்சி பெபிக்கு, எனக்கு முழங்காலில் வீக்கம், வேறொன்றும் இல்லை. நீ சாப்பிடுகிறாயா?

உன்னை நம்பாமல் எழுதியது தப்பு. பார்த்து எழுதியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது இருக்கிறது.

உன் கணக்கைப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் நேரத்தில் நானும் போட்டுப் பார்த்தேன். சரியா தப்பா என்று எழுதியும் முடித்துவிட்டேன், அப்புறம் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். 'நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன்' என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதையேதான் நீ இன்னொரு அக்காவிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவள் உட்கார்ந்த நாற்காலியில் நானும் உட்காரமாட்டேன்.

சொல்லமாட்டேன் பெபி. எழுதும்போது எனக்கும் வலிக்கிறது. தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் பாஸ்கா வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது, உன் பரீட்சை அதற்குள் முடிந்துவிடும். அதனால் உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். வந்தால் திட்டி எழுது. ஒன்றே ஒன்று, நீங்கள் என்று மட்டும் திட்டிவிடாதே, தாங்கமாட்டேன்.

உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்ளும்
பிரேமா


திருத்தணி
22 பிப்ரவரி 2026

ஏய் அக்கா,

மரியே வாழ்க எல்லாம் அப்புறம். இதை நீ பாஸ்காவுக்குத்தான் பிரிப்பே. அப்பவே படி, எனக்கென்ன.

உன் கடுதாசி வந்த அன்னிக்கே கௌரியம்மா பெட்டியெல்லாம் சோதனை போட்டாங்க. புத்தகம் போச்சு. "இது இன்னாத்துக்கு உனுக்கு? அதான் அக்கா கீறாங்களே"ன்னு எடுத்துகினு போயிட்டாங்க. நைனா தைச்ச நூல் தைச்சபடியே போச்சு. ஒன்பதாம் பாடம் இங்கேயும் பூட்டு, அங்கேயும் பூட்டு. பரீட்சைக்கு முன்னாடி இனிமே திறக்காது. அதுல எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரே ஒரு கணக்குதான்.

நீ சொல்லாததால எனக்குச் சோறு இறங்கலை. டேப்லெட் முன்னாடி உட்கார்ந்தா அதுக்கு மேல அந்தக் கணக்குதான் ஓடுது. "பேபி, உங்க கவனம் எங்கே இருக்கு?"ன்னு கேட்டுச்சு. "என் பேரு பெபி"ன்னேன். சிவப்பு போட்டுச்சு. போட்டுக்கட்டும்.

உன்னைத் திட்டறதுக்காகவே விடையைப் பிடிச்சுத் திருப்பி வகையிட்டுப் பார்த்தேன். கணக்குத் தாள் உங்கிட்ட இருக்கு, மனசுலயேதான் பார்த்தேன். கணக்கு திரும்பி வரலை. மறுபடி பார்த்தேன், வரலை. துணி துவைச்சுகினே பார்த்தேன். சைனைத் தொகையிட்டா மைனஸ் காஸ். நான் மைனஸை விட்டுட்டேன். அதைப் போட்டுத் திருப்பினா சுத்தமா வந்து நிக்குது, எக்ஸ் சைன் எக்ஸ்.

தப்புன்னு உனக்கு அன்னிக்கே தெரியும். பார்த்துட்டு, போட்டும் பார்த்துட்டு, வாயை மூடிகினு இருந்திருக்கே. ஒரு வரி எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்? என்னைத் தனியா விட்டுட்டு அங்கே போய் ஜெபம் பண்றியா? முழங்கால் வலின்னு இனிமே எங்கிட்ட எழுதாதே.

நீயெல்லாம் ஒரு அக்காவா?

பெபி